தொட்டி துடைக்க ஓர் ஆள் தேவை!

எங்கள் வீட்டு மீன் தொட்டியில் பாசி பிடித்துவிட்டது. 'உள்ளே இருக்கிறது மீனா, கீரை மசியலா?' என்று வந்தவர்களெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கொளத்தூருக்கு ஓடினேன். சென்னையில் வண்ண மீன் என்றால் அங்கேதானே!

"டேங்க் கிளீனர் போடுங்க ஸார். பாசியைத் தின்னுடும்" என்றார் கடைக்காரர். இரண்டே அங்குலம். பரம சாது. வாங்கி வந்தேன்.

ஒன்றரை வருஷத்தில் சாது முக்கால் அடி ஆகிவிட்டது! செடிகளைப் பிடுங்கியது. கல்லைப் புரட்டியது. அது போட்ட கழிவே பாசிக்கு உரமாயிற்று. ஒரு நாள் ராத்திரி விளக்கைப் போட்டால், என் மகள் 'லட்டு' என்று பேர் வைத்திருந்த கோல்டு ஃபிஷ் முதுகில் ஒட்டிக்கொண்டு, மேலே இருக்கிற வழவழப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நாலே நாளில் லட்டு போய்விட்டது. மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆபீசுக்கு ஆள் எடுத்தால் பயோடேட்டா பார்க்கிறோமே, மீனுக்குப் பார்த்தோமா? இதோ, தாமதமாக நான் பார்த்தது:

சக்கர் என்கிற பிளெகோ: பூர்வீகம் தென் அமெரிக்கா. ஒன்றரை அடி வரை வளரும். வளர வளரப் பாசியில் ஆசை குறையும். இரண்டடித் தொட்டிக்கு ஆகவே ஆகாது.

சைனீஸ் ஆல்கி ஈட்டர்: குட்டியில் நல்ல பிள்ளை. பெரிசானால் பேட்டை ரௌடி. மற்ற மீன்களைத் துரத்தும்.

கோரிடோரஸ்: தங்கமான குணம். ஆனால் அடியில் கிடக்கும் மிச்சத் தீனிதான் தின்னும். பாசி பக்கம் திரும்பாது.

ஓட்டோசிங்க்லஸ்: ஒன்றரை அங்குலம். இலை நோகாமல் துடைக்கும். ஐந்தாறாக விடவேண்டும். பாசியே இல்லாத புதுத் தொட்டியில் விட்டால் பட்டினியில் செத்துவிடும்.

பிரிசில்நோஸ்: பிளெகோவுக்குச் சித்தப்பா பிள்ளை. ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். ஆணுக்கு மூக்கில் மீசை! சுரண்ட ஒரு மரத்துண்டு போட்டால் தன் வேலையைப் பார்க்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

யாரை வைத்தாலும் சம்பளம் உண்டு. வெள்ளரித் துண்டோ, மாத்திரைத் தீனியோ தரவேண்டும்.

இன்னொன்று. குற்றவாளி நான்தான். தொட்டி இருந்தது ஜன்னலோரம். விளக்கு பதினாலு மணி நேரம் எரிந்தது. தீனியோ கைநிறைய! பாசி வராமல் என்ன செய்யும்? இப்போது விளக்கு எட்டு மணி நேரம்தான். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன்.

சக்கரை என்ன செய்வது? "ஏரியில விட்டுடு" என்றான் நண்பன். கூடாது ஸார்! அப்படி விட்டவைதான் பல நீர்நிலைகளில் பெருகி, கரையில் வளை தோண்டுகின்றன, மீனவர் வலையைக் கிழிக்கின்றன. வாளியில் போட்டுக் கடைக்கே கொண்டுபோனேன்.

அங்கே ஓர் இளைஞர், கையில் இரண்டு அங்குல சாது. பையில் காசு எடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம்... இதைப் பார்த்துட்டு வாங்குங்க" என்று வாளியின் மூடியைத் திறந்தேன்.