உலக்கையும் ஆலையும்

நெற்களஞ்சியம் என்று போற்றப்படும் தஞ்சைத் தரணியில் வாழ்பவர்கள் நாம். ஆயினும் நெல்லை அரிசியாக்க வந்த இயந்திரம் மக்களின் பிழைப்பையும் உடல்நலத்தையும் எவ்வாறு மாற்றியது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை இங்கே காண்போம்.

முற்காலத்தில் நெல்லை உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தால் புடைத்து உமியை நீக்கினர். இது பெரும்பாலும் பெண்களின் வேலை. கூலிக்கு நெல் குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களும் பலர். இவ்வாறு குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியே நின்றது.

பின்னர் எஞ்சினால் ஓடும் ரைஸ் மில்கள் வந்தன. நாள் முழுதும் குத்த வேண்டிய நெல், சிறிது நேரத்தில் வெள்ளை வெளேரென்ற அரிசியாகி வந்தது. பெண்களின் கைநோவு தீர்ந்தது. ஆனால் கூலிக்குக் குத்தியவர்களின் கஞ்சியும் அதனோடு போயிற்று. 1892இல் நம் தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, காந்தியடிகள் 1934இல் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்தார். கைக்குத்தல் அரிசியில் ஏழைக்கு வேலையும் உண்டு, உண்பவர்க்கு ஊட்டமும் உண்டு என்று அச்சங்கம் வாதாடியது. 1958இல் வந்த அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டமும், புதிய ஆலையால் அவ்வூரில் வேலையின்மை பெருகுமா என்று ஆராயச் சொன்னது. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டது.

ஊட்டத்தைப் பற்றிச் சொன்னது மெய்யா? ஆலையில் நன்கு தீட்டிய பச்சரிசியையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே பெரிபெரி என்னும் நோய் பரவியது. கால் மரத்துப் போகும், நடை தளரும், இதயமும் நலியும். டச்சு மருத்துவர் எய்க்மான் 1890களில் ஜாவாத் தீவில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதுபோன்ற நோய் வருவதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றால் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டிலுள்ள அச்சத்தே பின்னாளில் வைட்டமின் பி1 எனப் பெயர் பெற்றது. 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் குன்னூரிலும் பெரிபெரி நோயை ஆராய 1918இல் ஓர் அறையில் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் இந்நோய் அரிதாகவே இருந்தது. காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடும். அரிசியும் அதிகம் நொறுங்காது. வைட்டமின் என்ற சொல்லையே அறியாத நம் முன்னோர் கைக்கொண்ட முறை இது!

இன்றைய நவீன ஆலைகளில் ரப்பர் உருளைகள் உமியை நீக்குகின்றன. உமி கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. தவிடு தனியே சேர்ந்து எண்ணெய் தருகிறது. திருவாரூரில் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967இல் தோன்றிய ஆய்வுக்கூடமே, இன்று தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்துள்ளது. கறுப்பு அரிசியைக் கேமராவால் கண்டு காற்றால் தள்ளும் கருவியும், நெல்லை உலர்த்தும் கருவியும் வந்துவிட்டன. கொதிக்கும் களத்தில் நெல்லைக் காலால் துழாவி உலர்த்திய பெண்களுக்கு வெயில் குறைந்தது, வேலையும் குறைந்தது.

இயந்திரம் நமக்குப் பகையன்று. மீண்டும் உலக்கையைத் தூக்க எவரும் விரும்பார். ஆனால் தவிட்டோடு சத்தும் போனதை அறிய ஒரு நோய் வேண்டியிருந்தது. அறிந்தபின் அறிஞர்கள் ஆராய்ந்து வழி கண்டனர். கூலி இழந்தவர்களுக்காக அவ்வாறு ஆய்வுக்கூடம் எதுவும் எழவில்லை. இன்று நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் மருந்து தெளிக்கும் ட்ரோனும் நம் வயல்களில் இறங்கியுள்ளன. அவற்றை இயக்கும் பயிற்சி, அவ்வயல்களில் நாற்று நட்ட பெண்களுக்கும் கிடைக்க வேண்டும். நாளை பொறியாளராகவோ மருத்துவராகவோ அதிகாரியாகவோ ஆகப்போகும் நாம், புதிய இயந்திரம் ஒன்றைக் காணும்போது, அது எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதோடு, யாருடைய வேலையை அது செய்கிறது என்றும் கேட்கப் பழகுவோமாக.