எழுத்துரு காட்டிக் கொடுக்கும்!

"பார்த்ததை எல்லாம் அழிச்சிட்டேன் அக்கா. இனி யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். கல்யாணப் பத்திரிகைகளை வீட்டிலிருந்தே டைப் செய்து அச்சகத்துக்குக் கொடுப்பவள். மாதவிலக்கு தள்ளிப் போனதைப் பற்றி, டாக்டரிடம் போவதற்கு முன் அதே கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்களில் ஆளுக்கொரு முறை இருந்தது. பாமினியில் அடித்ததை வேறொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் பத்திரிகை அடிக்கிறவர்கள் பழையதையும் விடவில்லை. அழகுக்காகப் புதியதையும் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் நம்மைக் காட்டிக் கொடுக்கிறது.

எப்படி என்கிறீர்களா? நாம் ஓர் இணையதளத்தைத் திறந்ததும், அது ஒரு சொல்லை நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வோர் எழுத்துருவிலும் எழுதி அகலத்தை அளக்க முடியும். அகலம் மாறினால் அந்த எழுத்துரு நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம். அஞ்சறைப் பெட்டியை எட்டிப் பார்த்தே இது யார் வீட்டுச் சமையல் என்று சொல்கிற கெட்டிக்காரத்தனம்! பார்த்த பக்கங்களை அழித்தாலும் எழுத்துருக்கள் அப்படியேதானே இருக்கும்?

2010-ல் அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 4,70,161 பிரௌசர்களைச் சோதித்தது. நூற்றுக்கு 83.6 பிரௌசர்கள், இன்னொன்றோடு ஒத்துப் போகாமல் தனியாகத் தெரிந்தன. அதிகம் காட்டிக் கொடுத்தவற்றில் எழுத்துருப் பட்டியலும் ஒன்று.

பயப்பட வேண்டாம். எழுத்துரு நம் பெயரைச் சொல்லாது. 'முன்பு வந்த அதே கம்ப்யூட்டர்' என்று மட்டும் சொல்லும். ஆனால் அங்கே ஒரு தடவை பெயரையோ போன் நம்பரையோ கொடுத்துவிட்டால், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடலாம்.

நாம் செய்யக்கூடியவை:

* வேலை முடிந்ததும், வேண்டாத எழுத்துருக்களை நீக்கிவிடுங்கள்.

* உடம்பு சம்பந்தமாகத் தேடும்போது ஃபயர்பாக்ஸின் பிரைவேட் ஜன்னலைத் திறந்து தேடுங்கள். நாமாகச் சேர்த்த எழுத்துருக்களை 2023 முதல் அது தளங்களுக்குக் காட்டுவதில்லை. ஆப்பிளின் சஃபாரியும் அப்படியே. குரோமின் இன்காக்னிட்டோ எழுத்துருக்களை மறைப்பதில்லை.

* செல்போனில் பார்ப்பது ஓரளவு மேல். ஒரே மாடல் போன்களில் எழுத்துருக்கள் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "நான் என்ன தப்பா அக்கா செஞ்சேன், மறைக்கிறதுக்கு?" என்றாள். தப்பு ஒன்றுமில்லை. டாக்டரிடம் பேசும்போதும் கதவைச் சாத்திக்கொண்டுதானே பேசுகிறோம்!