நாளும் வளர்வோம், நிரல் கலையில்!

கணிப்பொறிப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால் நிரல் எழுதுவதில் வல்லவராகிவிட்டோம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், மதிப்பெண் வாங்கிய பிறகுதான் படிப்பே தொடங்குகிறது. எவ்வாறு என்று சற்றே பார்ப்போமா?

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘செங்கல்பட்டு’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? 7 என்று சிறு வகுப்புத் தங்கையரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவர். பைத்தான் மொழியில் எழுதிக் கேட்டாலோ 12 என்று விடை வருகிறது! கணிப்பொறி பொய் சொல்லவில்லை. யூனிகோடு முறையில் ‘டு’ என்பது டகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. ‘செ’யும், புள்ளி பெற்ற ‘ங்’, ‘ல்’, ‘ட்’ ஆகியனவும் அவ்வாறே. விடை வந்ததும் எழுந்துவிடாமல், ‘ஏன் இந்த விடை?’ என்று அடிவரை தேடுவதே வளர்ச்சியின் முதற்படி.

இரண்டாவது, பிழைகளைக் குறித்து வைப்பது. அமெரிக்க அறிஞர் டொனால்டு நூத், நூல்களை அச்சுக்கோக்கும் ‘டெக்’ என்னும் நிரலை 1978-இல் உருவாக்கினார். அதில் தாம் செய்த பிழைகளை ஒன்றுவிடாமல் பதிந்து வந்து, 1989-இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். அத்தகைய மேதைக்கே பிழைக் குறிப்பேடு வேண்டியிருந்தது! நாமும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, நாள், பிழை, காரணம், திருத்தம் ஆகிய நான்கையும் எழுதி வருவோம்.

மூன்றாவது, முன்பு சரியாக ஓடிய நிரலையும் மீண்டும் சோதிப்பது. 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட், புறப்பட்ட ஏறத்தாழ 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. ஏரியேன் 4-க்கென எழுதிய நிரற்பகுதியை அதிலும் வைத்திருந்தனர். புதிய ராக்கெட்டின் வேகத்தால் விளைந்த பெரிய எண் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. நாளை நாம் எழுதும் நிரலை நம்பி ஒரு மருத்துவமனைக் கருவி இயங்கக்கூடும். ஆகவே சுழியம், குறை எண், மிகப் பெரிய எண், வெற்றிடம் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் இன்றே வரட்டும்.

நான்காவது, பிறர் எழுதியதைப் படிப்பதும் நம்முடையதைப் பிறருக்குக் காட்டுவதும். தோழியிடம் வரிவரியாக விளக்கும்போதே ஒளிந்திருக்கும் பிழைகள் பல தென்பட்டுவிடும். வீட்டில் கணிப்பொறி இல்லையே என்று பெற்றோர் வருந்த வேண்டாம். பால் கணக்கையோ, மாமல்லபுரம் செல்லும் பேருந்து நேரங்களையோ எப்படி வரிசைப்படுத்துவது என்று தாளிலும் பென்சிலிலும் எழுதிப் பழகலாம்.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைச் சிற்பிகள் பாறையின் மேலிருந்து கீழாகச் செதுக்கிச் சென்றனர். உளி தவறினால் உடைந்த கல்லை ஒட்ட இயலாது. நமக்கோ அழித்து எழுதும் வசதி இருக்கிறது. இருந்தும் பயிலாமல் இருக்கலாமா? நாள்தோறும் அரைமணி நேரமேனும் எழுதுவோம், சோதிப்போம், திருத்துவோம்!