பழைய டிராக்டரும் டீசல் டேப்பும்

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது என் அறை நண்பர்கள் ரோபோ, மின்சாரக் கார் என்று பெரிய தலைப்புகளாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது டிராக்டர். என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் ஒருவரிடம் டிராக்டர் டிரைவராக இருக்கிறார். வண்டி பழைய மாஸி ஃபெர்குசன், மூன்று சிலிண்டர். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் தயாரிப்பு. என் வயதைவிட அதன் வயது அதிகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். அந்தப் படிப்புக்குச் சோறு போட்டதும் இந்த வண்டிதான்.

போன வருடம் விடுமுறைக்குப் போயிருந்தேன். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து, எல்லோரும் சேற்று உழவில் இறங்கிய நேரம். எங்கள் பக்கம் கடைமடை. தண்ணீர் வருவதே கடைசியில். வந்தபோது உழவில்லை என்றால் போச்சு. அந்த நேரம் பார்த்து வண்டி மக்கர் செய்தது. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். கேஜ் வீல் மாட்டி வயலில் இறங்கினால் பத்து நிமிடம். பிறகு மூச்சு திணறி நின்றுவிடும். அரை மணி கழித்து அடித்தால் திரும்ப ஓடும். பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன், "பம்ப் போச்சு, கழட்டி அனுப்பணும்" என்றார். முதலாளி அப்பாவைப் பார்த்து, "ஒழுங்கா ஓட்டியிருந்தா பம்ப் ஏன்யா போகுது?" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

டீசல் போகும் பாதை

முதலில் பாதையைத் தெரிந்துகொள்வோம். டேங்க், அதன் அடியில் டேப், அடுத்து ஃபீட் பம்ப், பிறகு ஃபில்டர்கள், அதன்பின் எஃப்.ஐ. பம்ப், கடைசியில் நாசில். எஃப்.ஐ. பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. எங்கள் வண்டியில் இருப்பது போன்ற ரோட்டரி பம்பில், உள்ளே சுற்றும் பாகங்களுக்கு டீசல்தான் மசகு. அந்தப் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதில் மண் போனால் கீறும், தண்ணீர் போனால் துரு பிடிக்கும். ஃபில்டர் விலை எங்கே, பம்ப் விலை எங்கே! ஃபில்டர் என்பது பம்புக்குப் போட்ட வேலி.

தண்ணீர் எப்படி வருகிறது?

பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகிறது. டீசலின் அடர்த்தி ஏறக்குறைய 0.83, தண்ணீர் 1. எனவே தண்ணீர் அடியில் தங்கும். இதற்கு இரண்டே வேலைதான். சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிவிட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டரின் அடி பிளக்கைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை ஒரு டப்பாவில் பிடிக்க வேண்டும். அந்தக் கழிவை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

இரண்டு ஃபில்டர்

எங்கள் வண்டியில் இரண்டு உண்டு. முதலாவது துணி ஃபில்டர், பெரிய அழுக்கைப் பிடிக்கும். இரண்டாவது பேப்பர் ஃபில்டர், நுண்ணிய தூசியைப் பிடிக்கும். பேப்பர் ஃபில்டரைக் கழுவி மாட்டுவது தப்பு. கழுவும்போது தூசி உள்பக்கம் போய்விடும், பேப்பரும் கிழியும். எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்பது அந்தந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும். மாற்றும்போது வெளிப்புறத்தை முதலில் கழுவித் துடையுங்கள். ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போடுங்கள். நடு போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் தலைப்பாகத்தின் மரை போய்விடும்.

டேப்பின் வேலை

டேப் இருப்பது, கீழே எதையாவது கழற்றும்போது டீசலை நிறுத்துவதற்கு. எஞ்சினை நிறுத்துவதற்கு அல்ல! அதற்கு ஸ்டாப் நாப் இருக்கிறது. டேப்பை மூடி எஞ்சினை நிறுத்தினால் பம்ப் கொஞ்ச நேரம் டீசல் இல்லாமல் காய்ந்து சுற்றும். லைனில் காற்றும் புகும். ஓடும்போது டேப் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பாதி திறந்திருந்தால் ஐடிலில் தெரியாது, லோடு ஏறும்போதுதான் தெரியும்.

இனி எங்கள் வண்டிக் கதைக்கு வருகிறேன். மறுநாள் நான் ஏர் எடுத்தேன். குமிழி குமிழியாக வந்தது. எஞ்சின் உடனே பிடித்தது. 'நான் படிச்சவன்' என்று நெஞ்சு நிமிர்ந்தது. வயலில் இறங்கிப் பத்தாவது நிமிடம் நின்றது. என் கர்வமும் நின்றது.

பிறகுதான் வரிசையாக யோசித்தேன். முதலில் டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஓட்டச் சொன்னேன். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி நிற்கும். ஆனால் மாற்றமில்லை. அடுத்து, ஃபீட் பம்புக்கு வரும் பைப்பைக் கழற்றி, டேப்பைத் திறந்து பாட்டிலில் பிடித்தேன். முதலில் தாரையாக வந்தது, பிறகு நூலாகி, கடைசியில் சொட்டானது. அப்போ கோளாறு பம்பில் இல்லை, அதற்கு முன்னால்!

டேங்க் டீசலைக் கேனில் பிடித்துவிட்டு டேப்பைக் கழற்றினோம். அதன் தலையில் உள்ள சல்லடையில் பஞ்சு மாதிரி ஒரு கட்டி. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். டீசல் ஊற்றும்போதெல்லாம் அவர் பழைய வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார், வண்டி கெடக்கூடாது என்று. அந்தத் துணியின் நூல்தான் சேர்ந்து சேர்ந்து கட்டியாகியிருந்தது. எஞ்சின் இழுக்கும்போது சல்லடையில் ஒட்டும். நின்றால் கொஞ்சம் விலகும். அரை மணியில் திரும்ப ஓடியதன் ரகசியம் இதுதான்.

இன்னொன்றும் இருந்தது. ஸ்டாப் வயர் அறுந்து ரொம்ப நாள். முதலாளி மாற்றித் தரவில்லை. அப்பா டேப்பை மூடித்தான் நிறுத்தி வந்தார். தினமும் திருகித் திருகி பேக்கிங் தேய்ந்திருந்தது. மேலே அடைப்பு, கீழே பம்பின் இழுப்பு. தேய்ந்த பேக்கிங் வழியே காற்று உள்ளே போனது. குமிழி வந்ததற்குக் காரணம் அதுதான்.

சல்லடையை டீசலில் மிருதுவான பிரஷ்ஷால் கழுவினோம், கம்பி பிரஷ் கூடாது. புது பேக்கிங் சுற்றி, கிளாண்டு நட்டைக் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினோம். புது ஸ்டாப் வயரும் போட்டோம்.

ஏர் எடுக்கும் முறை

1. டேங்கில் டீசல் பார்த்து, டேப்பை முழுவதும் திறக்கவும்.
2. ஃபில்டர் தலையிலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடிக்கவும். குமிழி இல்லாத டீசல் வந்ததும் இறுக்கவும்.
3. லீவர் தொளதொளவென்று இருந்தால் கேம் மேலே நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு அடிக்கவும்.
4. எஃப்.ஐ. பம்பிலுள்ள ஸ்குரூக்களிலும் இதேபோல் செய்யவும்.
5. கடைசியாக நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்கவும்.

எச்சரிக்கை: நாசில் பீய்ச்சும் இடத்தில் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். பீடி, சிகரெட் பக்கத்தில் வரவே கூடாது.

அன்று மாலை இருட்டும்வரை வண்டி நிற்காமல் ஓடியது. பம்பைக் கழற்ற வேண்டியதில்லை என்றானதும் முதலாளி, "சரி சரி, நாளைக்குக் கீழ வயலையும் முடிச்சிடு" என்றதோடு சரி. அப்பாவிடம் சொன்ன வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "துணி கூடாதுன்னா எதுல தம்பி வடிகட்டுறது?"

"பித்தளை வலை வச்ச புனல் இருக்குப்பா" என்றேன். மறுநாளே பட்டுக்கோட்டை போய் வாங்கி வந்தார், தன் காசில்.

நண்பர்களே, நம்மில் பலர் ஊரில் இப்படி ஒரு பழைய வண்டி இருக்கும். அதை ஓட்டும் ஒரு அப்பாவோ, சித்தப்பாவோ, அண்ணனோ இருப்பார். 'பம்ப் போச்சு' என்று யாராவது சொன்னால், முதலில் டேப்பைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பழியும் செலவும் யார் தலையில் விழ வேண்டும் என்பதை அந்தப் பாட்டில் சொல்லிவிடும்.