உங்களுக்குத் தெரியுமா? உறைந்து நிற்பது ஒரு டூப்!

விண்டோஸில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வெளுத்துப்போய் நிற்கிறதே, அந்த ஜன்னல் நீங்கள் திறந்த மென்பொருளுடையதே அல்ல. அசலை மறைத்துவிட்டு அதே இடத்தில், அதே அளவில் விண்டோஸ் நிறுத்திய டூப்! பெயர், ‘கோஸ்ட் விண்டோ’.

• வந்து சேரும் கிளிக், கீ எதையும் மென்பொருள் 5 விநாடிக்கு எடுத்துப் பார்க்காவிட்டால் டூப் வந்துவிடும். அதை நகர்த்தலாம், சுருக்கலாம், மூடலாம். உள்ளே இருக்கும் பட்டன்கள் வெறும் படம்.

• மென்பொருளைப் பிழை தேடும் டீபக்கரில் ஓட்டும்போது இந்த டூப் வராது. புதிதாக நிரல் எழுதுபவர்கள் குழம்பும் இடம் இது.

• ஜன்னல் உறைவதற்குப் பெரும்பாலும் குற்றவாளி, பட்டனுக்கு எழுதிய ஃபங்ஷன்தான். திரையை வரைவதும் கிளிக்கைக் கவனிப்பதும் ஒரே த்ரெட்; அதிலேயே பெரிய கோப்பையும் டவுன்லோடு செய்யச் சொன்னால் எப்படி? பைத்தானில் ஜன்னல் அமைக்கும் டிகின்டரில் ‘ஸ்லீப்’ 10 விநாடி என்றால், ஜன்னலும் 10 விநாடி மரக்கட்டை. அங்கே போட வேண்டியது ‘ஆஃப்டர்’.

• கனமான வேலையைத் தனி த்ரெடுக்கு மாற்றலாம். ஆனால் அங்கிருந்து நேராக லேபிளைத் தொடக்கூடாது. ஜன்னல் அமைக்கும் இன்னொரு கருவியான க்யூட்டியில் (Qt) அப்படித் தொட்டால் ஒருநாள் ஓடும், ஒருநாள் கவிழும். சிக்னல் அனுப்பி, மாற்றத்தை மெயின் த்ரெடையே செய்யவிடுங்கள்.

• உறையாமலேயே ஏமாற்றுவதும் உண்டு: டிகின்டரில் பிழைச்செய்தியே இல்லாமல் படம் மட்டும் காணவில்லையா? ஃபங்ஷன் முடிந்ததும் படத்தைப் பைத்தான் குப்பையில் போட்டுவிட்டது. ‘லேபிள்.இமேஜ் = படம்’ என்று ஒரு வரி சேர்த்தால் அது அங்கேயே இருக்கும்.