கணவாயும் நீரும்: கன்ரனீஸ் வழக்குச் சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலும் ஹொங்கொங், மக்காவோ ஆகிய இடங்களிலும் வழங்கும் கன்ரனீஸ் மொழியைப் பயிலப் புகுவோர் சிலர், சொற்களின் நேர்ப்பொருளை மாத்திரம் மனனஞ் செய்து, வழக்குப் பொருளைப் பின்னர்க் கவனிக்கலாமென விட்டுவிடுவதுண்டு. இவ்விரண்டையும் பிரித்துக் கற்றல் பயன் தராதென்பதே எமது கருத்து.

'சாவ் யவ் யூ' என்னுந் தொடரை எடுத்துக்கொள்வோம். ஊசிக் கணவாயை வறுத்தல் என்பது நேர்ப்பொருள். ஒருவரை வேலையினின்று நீக்குதல் என்பது வழக்குப் பொருள். இவற்றிடையே யாது தொடர்பு? முன்னாளிற் கடைகளிலும் பட்டறைகளிலும் தொழில் செய்தோர் பலர் முதலாளியின் இடத்திலேயே தங்கினர். படுக்கையைத் தாமே கொண்டுவந்தனர். வேலை போனதும் அதனைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். சூடேறிய சட்டியிலிட்ட கணவாய்த் துண்டும் அவ்வாறே சுருளும். பொதுவாகக் கூறப்படும் விளக்கம் இதுவே. வேலையோடு உறைவிடமும் ஒரே நாளிற் பறிபோன தொழிலாளரின் வரலாறு இச்சமையற் சொல்லினுள் உறைந்து கிடக்கின்றது. இன்றைய ஹொங்கொங் வழக்கிலோ, தொழிலாளி தானே வேலையை உதறுவதை 'முதலாளியின் கணவாயை வறுத்தல்' என்பர். சட்டி கைமாறிவிட்டது! நேர்ப்பொருளை அறியாதார்க்கு இந்த எள்ளல் புலப்படாது.

'வன் சிக்' (உணவு தேடல்) பிழைப்புக்காக உழைத்தலையும், 'ஃபான் வூன்' (சோற்றுக் கிண்ணம்) தொழிலையும் குறிப்பன. இவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பசி எம்மொழியிலும் ஒன்றே.

'சோய்' என்னுஞ் சொல் சற்று நுணுகி நோக்கத்தக்கது. அதன் நேர்ப்பொருள் நீர். பேச்சு வழக்கிற் பணம். 'ஒரு கட்டி நீர்' என்றால் நூறு டொலர். நீர் பணமாயின் வறட்சி வறுமையாதல் இயல்பே. ஈரலைக் குறிக்கும் 'கொன்' என்னுஞ் சொல்லும் உலர்தலைக் குறிக்குஞ் சொல்லும் ஒலியால் ஒன்று. ஆகவே பன்றி ஈரலை அப்பெயரால் அழையாது, ஈரம் எனப் பொருள்படுஞ் சொல்லினின்று அமைந்த 'யோன்' என்பதனால் வழங்குவர். சுடுகாட்டை நன்காடு என்னும் எமது மங்கல வழக்கோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் ஈரல் என்ற சொல்லிலேயே ஈரம் ஒலிப்பது சுவையான தற்செயல்.

இறைச்சிக் கடைக்குச் செல்லும் மாணவன் முதல் நாளிலேயே இவ்வழக்கை எதிர்கொள்வான். பாடநூலின் பின்னிணைப்புவரை அவன் காத்திருக்க இயலாது.