52 சுற்றில் அடங்கிய இணையம்

கூகுள் தேடலின் அடித்தளமான ‘பேஜ்ரேங்க்’ முறையை லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்டபோது இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்கள். முறை புதிது; உள்ளே ஓடிய கணக்கு பழையது. ரஷ்யக் கணித மேதை மார்கோவ் 1906-லேயே தொடங்கிவைத்தது அது.

ஒரு பக்கத்துக்கு எத்தனை இணைப்புகள் வருகின்றன என்று மட்டும் எண்ணினால் ஏமாற்றுவது சுலபம். நூறு வெற்றுப் பக்கங்களை உருவாக்கி இணைப்புக் கொடுத்துவிடலாம். அதனால் இணைப்புத் தரும் பக்கத்தின் மதிப்பையும் பார்த்தார்கள். அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு இணைப்புத் தந்த பக்கங்களிலிருந்து. அவற்றுக்கு? இப்படி முடிவில்லாமல் சுற்றும் கேள்வியை அவிழ்க்கத்தான் அணிக் கணிதம் வருகிறது.

மூன்றே பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் பக்கம் மற்ற இரண்டுக்கும் இணைப்புத் தருகிறது; இரண்டாவது மூன்றாவதுக்கு; மூன்றாவது முதலுக்கு. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பை, தான் இணைப்புத் தரும் பக்கங்களுக்குச் சமமாகப் பகிர்கிறது. மூன்றாவதன் மதிப்பு முழுக்க முதலுக்கே போவதால் இரண்டும் சமம். இரண்டாவதுக்குக் கிடைப்பது முதலின் பாதி. மொத்தம் 1 என்றால் விடை 0.4, 0.2, 0.4. மூன்றாவதன் வரவைச் சரிபார்க்கலாம்: முதலிடமிருந்து 0.2, இரண்டாவதிடமிருந்து 0.2. கணக்கு நேராகிறது. தமிழகப் பிளஸ் டூ வணிகக் கணிதத்தில், போட்டிப் பொருள்கள் இரண்டின் சந்தைப் பங்கு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று கேட்கிறார்களே, அதுவும் இதே வகைதான்.

நிஜ இணையம் இவ்வளவு ஒழுங்கானதல்ல. சில பக்கங்களிலிருந்து வெளியே போக இணைப்பே இருக்காது. சில, தங்களுக்குள்ளேயே மாறி மாறி இணைத்துக்கொண்டு மதிப்பை விழுங்கிவிடும். இங்கேதான் மிக அழகான யோசனை: மதிப்பு பாய்வதை, ஒரு வாசகர் பக்கம் பக்கமாக நகர்வதாகப் பார்ப்பது; அவர் 85 சதவீத நேரம் இணைப்பைத் தொடர்வார், மீதி 15 சதவீதம் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். தாவலைச் சேர்த்ததும், எந்தப் பக்கத்திலிருந்து எதற்கு எவ்வளவு போகிறது என்று காட்டும் எண் அட்டவணையான அணியில் பூஜ்யமே இல்லாமல் போகிறது. அப்படிப்பட்ட அணிக்கு விடை உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு என்பதை ஜெர்மானியர் பெரோன் 1907-ல் நிரூபித்துவிட்டார்.

கணினியில் இதைச் சமன்பாடாகத் தீர்ப்பதில்லை. எல்லாப் பக்கங்களுக்கும் சம மதிப்புக் கொடுத்து, திரும்பத் திரும்பப் பகிரவிடுகிறார்கள். 32.2 கோடி இணைப்புகள் கொண்ட தொகுப்பு சுமார் 52 சுற்றுகளில் நிலைத்தது என்று பேஜும் பிரின்னும் எழுதினார்கள். இத்தனை பெரிய இணையத்துக்கு இவ்வளவு குறைவா என்ற வியப்புக்கு அந்த 0.85-தான் விடை. ஒவ்வொரு சுற்றிலும் பிழை குறைந்தபட்சம் அந்த விகிதத்தில் சுருங்குகிறது. 52 சுற்றில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு வந்துவிடும். தாவலை 1 சதவீதமாகக் குறைத்தால், அதே துல்லியத்துக்கு உறுதி சொல்ல சுமார் 840 சுற்றுகள் வேண்டியிருக்கும்.